எண் போட்ட சோபாவும் எலி பிடிக்காத பூனையும்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவன் அல்ல. பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போக வேண்டுமென்றால் வாசலிலேயே நின்று செருப்பைச் சரி செய்வதுபோல் நேரம் கடத்துகிற ஆள். அப்படிப்பட்டவன் பத்திரிகையில் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் கண்ணமங்கலத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் இப்போது ஒரு சிறு மாதப் பத்திரிகை நடத்துகிறார். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுது என்று மூன்று நீலக் கடிதம் போட்டுவிட்டார். மூன்றாவதில், "பனி, பாலம், ராணி, எதுவானாலும் சரி" என்று இருந்தது.

பனியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, வழுக்கும் என்பதுதான். ராணியைப் பார்த்ததில்லை. இந்த நாட்டில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பொருள் ஒரு சோபா. அதைப் பற்றி எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆடி மாதத்தோடு நாங்கள் இங்கிலாந்தின் வடக்கே உள்ள இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் நிறைந்தது. அன்று என் மனைவி சரோஜா கேசரி கிளறினாள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, "ஒரு போட்டோ எடுங்க, எங்கம்மாவுக்கு அனுப்பலாம்" என்றாள். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். உள்ளே சரோஜா சிரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் எங்கள் பூனை பின்னங்கால்களில் எழுந்து நின்றது. முன்னங்கால் இரண்டையும் சோபாவின் கைப்பிடியில் பதித்து, அவசரமே இல்லாமல் மேலிருந்து கீழாக இழுத்தது. டர்ரென்று சத்தம். சரோஜாவின் சிரிப்பு போன பிறகுதான் என் விரல் பொத்தானை அழுத்தியது. அந்தப் படம் கண்ணமங்கலத்துக்குப் போகவில்லை.

2

சரோஜா நர்ஸ். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் படித்துக்கொண்டிருந்தபோது நான் அங்கே சலவைப் பகுதியில் இருந்தேன். கல்யாணம் ஆன பிறகு, எழுபதுகளின் கடைசியில், அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவளோடு நானும் மூன்று வயதுக் கலாவும் வந்தோம். எனக்கு இங்கேயும் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதிதான். கடல் தாண்டி வந்தாலும் போர்வை போர்வையாகத்தான் இருக்கிறது.

குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குச் சொந்தம். உள்ளே இருக்கும் சாமான்களும் அப்படியே. சோபா, நாற்காலிகள், மேஜை, கூடத்துத் தரை விரிப்பு, எல்லாவற்றின் அடியிலும் எண் பொறித்த ஒரு சின்னத் தகடு இருக்கும். குடியிருப்பு ஆபீசர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலோடு வந்து குனிந்து குனிந்து எண்களைச் சரிபார்ப்பார். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று அவர் எண்ணியதாக ஞாபகம் இல்லை.

சோபா நீல நிறம். மூன்று பேர் உட்காரலாம். சரோஜா ஒருத்தி படுக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் அதில் காலை நீட்டுவாள். "இந்த தேசத்துல எனக்குன்னு கெடச்சது இது ஒண்ணுதாங்க" என்பாள். அதுவும் அவளுடையது அல்ல என்று நான் சொன்னதில்லை. சில சமயம் என் கூச்சமும் நல்லதற்குத்தான்.

நான் பிறந்தது ஜவ்வாது மலை மேலே. எங்கள் வீட்டில் பூனை பிராண்டிக் கெடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அது வாசல் கம்பத்தில் நகம் தீட்டும். முழங்கால் உயரத்துக்குக் கம்பம் நார் நாராக இருக்கும். கம்பம் கெட்டுப்போயிற்று என்று யாரும் நினைத்ததில்லை. பூனை எதற்கு என்பதிலும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சாமையை அறுத்துக் குதிரில் கொட்டினால் எலி வரும். எலி வந்தால் பூனை வேண்டும். குட்டியை எந்த வீட்டிலிருந்து எடுத்து வந்தாலும் ஒரு படி சாமை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். சும்மா வந்த பூனை சும்மாவே இருக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

அப்படிப் படி அளந்து வாங்கிய பூனை ஒன்றும் எலியைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. ஒரு மாதம் பார்த்தார் அப்பா. பிறகு ஒரு நாள் அதைக் கோணிப்பையில் போட்டுக் கட்டி, புளி மூட்டையோடு அடிவாரத்துப் படவேட்டுக்கு இறங்கினார். புளியை விற்றார். பூனையை அவிழ்த்து விட்டார். பொழுது சாய்வதற்குள் ஏறி வந்துவிட்டார். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழவில்லை. எனக்கும் அழத் தோன்றவில்லை. இந்தக் கதையை நான் கலாவிடம் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

3

பூனையைக் கொடுத்தது எதிர்வரிசையில் சொந்த வீட்டில் இருக்கும் மார்கரெட் அம்மாள். கலாதான் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான்கு பாதமும் வெள்ளையாக இருந்ததால் அதற்கு சாக்ஸ் என்று பெயர் வைத்தாள். காலுறையைப் பெயராக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருந்தாலும் முறையை விடக் கூடாது என்று ஒரு டப்பா நிறைய அரிசி கொண்டுபோய் மார்கரெட் அம்மாளிடம் நீட்டினேன். எதற்கு என்று கேட்டார். விளக்கும் அளவுக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. "பூனைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து அந்த அரிசி பாலும் சர்க்கரையும் சேர்ந்து பாயசம் மாதிரி ஒன்றாக எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

சரோஜா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "குடுத்த அரிசிய நம்மளே துன்னுட்டோம். இனிமே இது எலி புடிச்சாப்லதான்."

எலி இருந்தால்தானே பிடிப்பதற்கு. இந்த வீட்டில் ஆறு வருஷமாக ஒரு எலியைக்கூட நான் பார்த்ததில்லை.

கலாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் போன இரண்டாம் வருஷமே அவள் தமிழை விட்டுவிட்டாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பிறகு பதிலும் குறைந்தது. தோளைக் குலுக்குவாள். அதற்கு எந்த மொழியும் வேண்டாம். நாங்கள் கண்டிக்கவில்லை. சரோஜாவுக்கு நேரமில்லை, எனக்குத் தைரியமில்லை.

பூனை வந்து சில வாரம் ஆகியிருக்கும். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஏய் கய்தே! எறங்குன்னு சொல்றேன்ல? இன்னா, உங்கப்பன் வூட்டு சோபாவா இது?" சரோஜா டூட்டி முடிந்து சீக்கிரம் வந்துவிட்டாள் என்று எண்ணி எட்டிப் பார்த்தேன். கலா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கை. பூனை இறங்கிவிட்டிருந்தது.

"ஏம்மா தமிழ்ல பேசற?" என்று கேட்டேன்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: பூனைக்கு ஆங்கிலம் தெரியாது.

இங்கிலாந்தில் பிறந்த பூனை. ஆனால் யோசித்தால் அவள் சொன்னது நியாயம்தான். அதைத் திட்டியதெல்லாம் சரோஜா. அதற்குக் காதில் விழுந்ததெல்லாம் கண்ணமங்கலத்துப் பேச்சு. அன்றிலிருந்து திட்டுவதோடு நிற்காமல், பள்ளியில் நடந்ததையெல்லாம் கலா அதனிடம் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் சமையலறைக்கு வந்து, "ஜெலஸிக்குத் தமிழில் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு திரும்பிப் போவாள். எங்களிடம் அல்ல, பூனையிடம் சொல்வதற்கு. நாங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்போம். எங்கள் மகளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் பாதி அப்படிக் கேட்டதுதான்.

ஆகவே பூனை வேண்டியிருந்தது. சோபாவும் வேண்டியிருந்தது. ஐப்பசியில் ஆபீசர் பட்டியலோடு வருவார். கிழிசலைப் பார்த்தால் பூனையைப் போகச் சொல்வார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

4

சோபாவைக் காப்பாற்ற நாங்கள் செய்தவற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதலில் மிளகாய்த் தூள். கைப்பிடியில் லேசாகத் தூவினேன். மூன்று நாள் நாங்கள் மூவரும் தும்மினோம். பூனை தும்மவில்லை. அது மறுபக்கத்துக் கைப்பிடிக்கு மாறிக்கொண்டது. அடுத்தது வேப்பெண்ணெய், என் யோசனை. ஊரிலிருந்து வந்த புட்டியில் பாதியை சோபாவின் காலிலும், பூனை பிராண்டத் தொடங்கியிருந்த விரிப்பின் ஓரத்திலும் தடவினேன். பூனை விரிப்பைப் பிராண்டுவதை உண்மையிலேயே நிறுத்தியது. ஆனால் பழுப்பு விரிப்பில் தட்டு அகலத்துக்குக் கறுப்புக் கறை விழுந்தது. பூனை இத்தனை நாளில் செய்யாத சேதத்தை நான் ஒரு சாயங்காலத்தில் செய்துவிட்டேன்.

சரோஜா தன் பழைய நூல் புடவையை சோபாவுக்குப் போர்த்திப் பார்த்தாள். பூனை புடவைக்குள் புகுந்துகொண்டு உள்ளிருந்தே பிராண்டியது.

"நகத்தையே எடுத்துட்டா இன்னாங்க?" என்றாள் ஒரு நாள், கால் வலியில்.

கலா பூனையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்து மேஜை மேல் போட்டாள். படங்களை வைத்தும் அகராதியை வைத்தும் நான் படித்தேன். பூனை வேண்டுமென்றே கெடுப்பதில்லை. நகத்தின் பழைய ஓட்டை உதிர்க்கவும் உடம்பை நீட்டி முறிக்கவும் அதற்கு ஓர் இடம் வேண்டும். நகத்தை எடுப்பது விரல் நுனியையே வெட்டுவது. நுனியை மட்டும் கொஞ்சம் நறுக்கிவிடலாம். பூனை முழுதாக நிமிர்ந்து நிற்கும் உயரத்தில், ஆடாத, சொரசொரப்பான கம்பம் ஒன்று வைத்துக் கொடுத்தால் சோபாவை விட்டுவிடும். படித்து முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வாசல் கம்பத்தை இங்கே புத்தகம் போட்டுச் சொல்லித் தருகிறார்கள்.

முதல் கம்பம் இலேசான பலகையில் செய்தேன். பூனை கை வைத்ததும் கம்பம் அதன் மேலேயே சாய்ந்தது. ஒரு வாரம் அந்தப் பக்கமே அது போகவில்லை. ஆஸ்பத்திரித் தோட்டத்தில் வெட்டிப் போட்டிருந்த ஒரு மரக்கட்டையைக் கேட்டு வாங்கி, கனமான பலகையில் ஆணி அடித்து நிறுத்தி, முரட்டுக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினேன். வருகிறவர் கண்ணில் படக் கூடாது என்று கதவுக்குப் பின்னால் வைத்தேன். பூனை அதை மதிக்கவில்லை. அது எங்கே பிராண்டுகிறதோ அங்கேயே கம்பம் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததைக் கலா விரலால் காட்டினாள். கூடத்தின் நடுவில், சோபாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

சரோஜா டூட்டியிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாங்க இது, நடு வூட்ல எல்லைக் கல்லு நட்டாப்ல?"

"பூனைக்கு."

"எனக்கு கால் நீட்ட ஒரு எடம் இருந்துச்சி. அதுக்கும் முட்டுக்கட்டை போட்டுட்டீங்க."

இரண்டாம் நாள் பூனை கம்பத்தை முகர்ந்தது. நான்காம் நாள் கட்டிப் பிடித்துக்கொண்டு கீறியது. அடுத்த வாரம் சோபாவை அடியோடு மறந்துவிட்டது. ஆனால் பழைய கிழிசல்கள் அப்படியே இருந்தன. திருந்தியவனின் பழைய குற்றங்களைப்போல.

5

பிராணி வளர்க்க முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்தால் நல்லது என்று மார்கரெட் அம்மாள் சொன்னார். ஆபீசுக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்தேன். வழக்கமாகப் படிவங்களைக் கலாதான் நிரப்புவாள். இதை நானே நிரப்புகிறேன் என்று உட்கார்ந்தேன். பூனையின் பெயர், நிறம், வயது. கடைசியில் ஒரு கேள்வி: வளர்ப்பதற்கான காரணம். இந்த நாட்டுப் படிவங்களில் யோசிக்காமல் பதில் எழுத முடிந்த முதல் கேள்வி அது. எலி பிடிக்க, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கலா படித்தாள். எங்கள் வீட்டில் எலி இருப்பதாக நான் தெரிவித்ததன் பேரில், வியாழக்கிழமை காலை எலி ஒழிப்பு ஆய்வாளரும் குடியிருப்பு ஆபீசரும் வருவார்கள். எலி இருப்பது உறுதியானால் வீடு முழுதும் மருந்து வைக்கப்படும். மருந்து வைக்கும் வீட்டில் பிராணி இருக்கக் கூடாது.

"நம் வீட்டில் எலியே இல்லையே, ஏன் அப்படி எழுதினாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வேற எதுக்கு வளப்பாங்க பூனைய? வேல இல்லாம ஒண்ணத்த வூட்ல வச்சி சோறு போடுவாங்களா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தமிழில், மூன்று நான்கு வருஷத்தில் என்னைப் பார்த்துப் பேசிய முதல் தமிழில், கேட்டாள்: "நானுந்தான் எலி புடிக்கல. என்னையும் கோணில போட்டு எடுத்துக்கினு போவியா?"

அப்பாவிடம் பேசுகிற மரியாதை அதில் இல்லை. பூனையிடம் பழகிய தமிழ்.

வியாழக்கிழமை கலாவுக்குப் பள்ளி விடுமுறை, சரோஜாவுக்கு ஓய்வு நாள். சோபாவைக் கிழிந்த முன்பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தோம். கறையின் மேல் மேஜையை இழுத்துப் போட்டிருந்தோம். பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். ஆய்வாளர் கையில் டார்ச் விளக்கும் மருந்துப் பெட்டியும். சமையலறை, மாடிப்படிக்கு அடி, குழாய் போகும் துளை, எல்லாம் பார்த்துவிட்டு என் எதிரில் வந்து நின்றார்.

"எத்தனை எலி பார்த்தீர்கள்?"

பார்த்தேன் என்றால் மருந்து, பூனை வெளியே. பார்க்கவில்லை என்றால் பொய் எழுதினவன். கலாவைப் பார்த்தேன். அவள் எனக்காகப் பேசத் தயாராக வாயைத் திறந்தாள். எப்போதும் அவள்தான் பேசுவாள். அன்று நான் கையைக் காட்டித் தடுத்தேன். "எலி இல்லை. ஒருபோதும் இல்லை. எங்கள் மலையில் பூனை என்றால் எலிக்கு. அதனால் எழுதினேன். தவறு என்னுடையது" என்றேன். ஆறு வருஷத்தில் ஓர் ஆபீசர் முன்னால் நான் பேசிய மிக நீளமான ஆங்கிலம் அது.

ஆய்வாளர் சிரித்தார். "அருமையான பூனை. எலி வருவதற்கு முன்பே துரத்திவிட்டது" என்று தன் தாளில் எதையோ குறித்தார். கம்பத்தைத் தட்டிப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். தன் மனைவிக்கும் இரண்டு பூனை உண்டு, ஒன்று செய்து தருவேனா என்றார்.

குடியிருப்பு ஆபீசருக்குச் சிரிப்பு வரவில்லை. சோபா ஏன் சுவரைப் பார்த்து இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே அதை இழுத்தார். கிழிசல் வெளியே வந்தது. மேஜையை நகர்த்தினார். கறை வெளியே வந்தது.

"இரண்டும் பூனையா?"

"அது பூனை. இது நான்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார். சாமான்களோடு கொடுக்கப்பட்ட வீட்டில் பிராணி கூடாது. சாமான் இல்லாமல் கொடுக்கப்பட்ட வீட்டில் அனுமதியோடு வளர்க்கலாம். ஆகவே வழி இரண்டுதான். நாளைக்குள் பூனை போக வேண்டும். அல்லது சாமான்கள் போக வேண்டும். வீட்டை வேறு வகையில் மாற்றி எழுதிக்கொள்வார்.

"எந்தச் சாமான்?" என்று கேட்டேன்.

பட்டியலில் உள்ள எல்லாம் என்றார். ஒரு நாற்காலி மிச்சம் இருந்தாலும் அது சாமானோடு கூடிய வீடுதான். கட்டில்கள் வேறு பட்டியலில் வருவதால் அவற்றை விட்டுவிடலாம்.

பூனையிடமிருந்து சோபாவையும் விரிப்பையும் காப்பாற்ற நான் மூன்று மாதமாகப் பட்ட பாட்டுக்கு அரசாங்கப் புத்தகத்தில் ஒரு வரியில் வழி இருந்திருக்கிறது. சாமான்களையே எடுத்துவிட்டால் பூனை எதைப் பிராண்டும்?

கலா பூனையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அதன் காதில், "சும்மா இரு. ஒண்ணியும் இல்ல. சும்மா இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கலாவுக்கு ஊசி போடும்போது சரோஜா சொல்வது அது. அதே குரல்.

சரோஜா அந்த இழுத்துப் போட்ட சோபாவில் போய் உட்கார்ந்திருந்தாள். ஆபீசர் சொன்னதை மொழிபெயர்க்க அவளுக்கு யாரும் தேவையில்லை. எங்கள் வீட்டில் அவள் ஆங்கிலம்தான் நல்ல ஆங்கிலம். ஆனாலும் அவள் தமிழில் என்னிடம்தான் சொன்னாள்.

"எடுத்துக்கினு போவச் சொல்லுங்க."

கலா பூனையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "எதை?" என்று கேட்டேன்.

"சோபாவத்தாங்க" என்று எரிச்சலாகச் சொன்னாள். "இன்னா எதைங்கறீங்க? கய்தே, ஆறு வருஷம் கழிச்சி இப்பத்தான் வூட்ல வாயத் தொறக்குது. பூனைய எடுத்துக்கினு போனா நான் சோபாகூடவா பேசிக்கினு இருப்பேன்?"

கய்தே என்று அவள் சொன்னது பூனையை அல்ல. கலாவுக்கும் அது புரிந்துவிட்டது. சரோஜா எழுந்து நின்றாள். உட்கார்ந்திருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அதைக் கையால் தட்டி நிரவினாள். "இந்தாடி, அவருகிட்ட சொல்லு" என்றாள். கலா ஆபீசரிடம் சொன்னாள். அவர் நம்பாமல் இரண்டாம் முறை கேட்டார். இரண்டாம் முறையும் சொன்னாள்.

6

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு இரண்டு ஆட்கள் வண்டியோடு வந்தார்கள். தூறல். சோபா கதவில் இடித்ததால் சாய்த்து வெளியே எடுத்தார்கள். விரிப்பைச் சுருட்டிக் கொண்டுபோனார்கள். நான் தாளில் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் சரோஜா வந்து, தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். கலா மாடியிலிருந்து இரண்டு தலையணை எடுத்து வந்து கொடுத்தாள்.